சோப்பு, தோல், அணுகுண்டு: சுத்தம் சொல்லித்தந்த பழைய படங்கள் எப்படி இருக்கின்றன?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பிரெலிங்கர் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. 1940, 50களில் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்டிய கல்விப் படங்கள் அதில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் குளியல், கை கழுவுதல், வீடு பெருக்குதல், துணி, தோல், கிருமி என்று சுத்தத்தைப் பற்றிப் பேசுபவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் நன்றாகப் பொழுது போகும். காசு கிடையாது. பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படங்கள் விஞ்ஞானம் என்று சொல்வதில் பாதிதான் விஞ்ஞானம். மீதி யாரோ பணம் கொடுத்துச் சொல்லச் சொன்னது. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஹோட்டல் லாண்டரி. புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு மாப் பிடிப்பதிலிருந்து ரத்தம் சிந்தினால் என்ன செய்வது என்பது வரை வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. அந்த வகுப்புக்கு என்று வருகிற வீடியோக்கள் எல்லாம் கெமிக்கல் கம்பெனிக்காரர்கள் கொடுப்பவை. பளபளக்கிற தரை, நீலக் கையுறை, களைப்பே தெரியாத ஒரு முகம். பத்து நிமிடம் போட்டால் பின் வரிசையில் ஆள் தூங்கிவிடும். வேறு ஏதாவது கிடைக்காதா என்று தேடியபோதுதான் இந்தப் பழைய படங்கள் மாட்டின.

நான் எந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் சின்னர் வட்டம் என்று ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959-இல் சொன்னது. எந்த அழுக்கைப் போக்கவும் நான்கு விஷயம் வேண்டும்: ரசாயனம், தேய்ப்பு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும். வெந்நீர் இல்லையா, நன்றாகத் தேய். தேய்க்க ஆள் இல்லையா, ஊறவை. ஊற வைக்க நேரமும் இல்லையா, காரமான மருந்தை ஊற்று, துணி கிழிந்தால் என்னைக் கேட்காதே. முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சுத்தத்தைப் பற்றிப் பேசும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்த நான்கில் எதைக் காட்டுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்றுதான் என் கண் போகும். ரசாயனத்தை எல்லாரும் காட்டுவார்கள், அதுதான் விற்கிற பொருள். நேரத்தைக் காட்டுகிற படம் அபூர்வம்.

படங்களின் பின்னணி கொஞ்சம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்குப் படம் போட்டுப் பயிற்சி கொடுத்தது. போர் முடிந்ததும் அதே உத்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. 16 மில்லிமீட்டர் ப்ரொஜெக்டரில் போடுகிற 400 அடிச் சுருள் ஓடி முடிய பதினோரு நிமிடம் ஆகும். பெரும்பாலான படங்கள் பத்துப் பதினோரு நிமிடத்தில் சட்டென்று முடிவதற்கு அந்தச் சுருள்தான் காரணம், கலை நோக்கமெல்லாம் இல்லை. எஸ்கொயர் பத்திரிகையை வெளியிட்ட டேவிட் ஸ்மார்ட் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டுடியோ கட்டி கோரோனெட் என்ற பெயரில் இப்படிப் படங்களை எடுத்துத் தள்ளினார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவுக்கும் தனியாகப் படப் பிரிவு இருந்தது. பிறகு வீடியோ வந்தது, பள்ளிகள் சுருள்களைத் தூக்கிப் போட்டன. அப்படிப் போட்டதையெல்லாம் 1980களின் தொடக்கத்திலிருந்து சேர்க்க ஆரம்பித்தவர் ரிக் பிரெலிங்கர். 2002-இல் அவருடைய சேகரிப்பிலிருந்து சுமார் 60,000 படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. இணையத்தில் நாம் பார்ப்பது அந்தக் கடலில் ஒரு பகுதி.

சரி, படங்களுக்கு வருவோம்.

'சோப்பி த ஜெர்ம் ஃபைட்டர்', 1951. எல்லாரும் முதலில் போய் விழுவது இதில்தான். பில்லி என்று ஒரு பையன். சுத்தமாக இருப்பது பெண் பிள்ளைகளின் வேலை என்று நினைத்துக்கொண்டு அழுக்கோடு படுக்கப் போகிறான். கனவில் ஆள் உயரத்துக்கு ஒரு சோப்புக்கட்டி வந்து நிற்கிறது. அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சோப்பு உடைக்குள் ஒரு மனிதரைத் திணித்திருக்கிறார்கள். அவர் பில்லிக்குக் கிருமியைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். எங்கள் வகுப்பில் போட்டபோது பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண், "ஏனுங்க மேடம், குளிக்காமப் படுத்தா சோப்பு எதுக்கு வரோணும், இவங்கம்மா எங்கீங்க போனாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒருத்தரும் பாடத்தைக் கவனிக்கவில்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். தலைப்பே கொஞ்சம் தப்பு. சோப்பு பெரும்பாலும் கிருமியோடு சண்டை போடுவதில்லை, கிளப்பிக்கொண்டு போய்விடுகிறது. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு முனை (தலை) தண்ணீரோடு சேரும், மறு முனை (வால்) எண்ணெய்ப் பிசுக்கோடு சேரும். பிசுக்கைச் சுற்றி வால் பகுதிகள் உள்ளே, தலைப் பகுதிகள் வெளியே என்று சூழ்ந்து சின்னச் சின்ன உருண்டையாக்கித் தண்ணீரில் மிதக்க விடும். கிருமி ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பிசுக்கில்தான். கொழுப்பு உறை உள்ள சில வைரஸ்களைச் சோப்பு நேராகவே உடைத்துவிடும், அது வேறு கதை. ஆனால் கையில் இருக்கிற பெரும்பாலான அழுக்குக்கு வேலையை முடிப்பது சோப்பு மட்டுமில்லை. கை தேய்ப்பதும் தண்ணீர் ஓடுவதும் சேர்ந்துதான். சோப்பைச் சிப்பாயாக்கிவிட்டால் பிள்ளைகள் என்ன புரிந்துகொள்வார்கள்? சோப்பைத் தொட்டாலே கிருமி செத்துவிடும் என்று. எங்கள் வார்டில் ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் உள்ள கிருமிநாசினி) ஊற்றிய கையோடு துடைத்து எடுக்கிற புதுப் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது இதே நம்பிக்கைதான். ரத்தம் சிந்திய இடத்தில் முதலில் ரத்தத்தை ஒற்றி எடுக்க வேண்டும், பிறகு 1 சதவீத ஹைப்போவை ஊற்றிப் பத்து நிமிடமாவது விட வேண்டும். ரத்தத்தின் மேலேயே ஊற்றினால் குளோரின் அந்த ரத்தத்தோடு வினைபுரிந்தே வீணாகிவிடும். சோப்பியிடம் இதெல்லாம் கேட்க முடியாது. பொழுதுபோக்குக்கு முழு மதிப்பெண், விஞ்ஞானத்துக்குப் பாஸ் மார்க்.

'பாடி கேர் அண்ட் குரூமிங்', 1947. மெக்ரா-ஹில் பாடப்புத்தகக் கம்பெனிக்காக எடுத்தது. ஒரு கல்லூரி வளாகம், புத்தகம் படிக்கிற ஒரு பையன், கசங்கிய உடையில் நடந்து வரும் ஒரு பெண். பின்னணிக் குரல் அந்தப் பெண்ணை நிறுத்தி, இப்படியா வருவது, போய் ஒழுங்காக வா என்கிற தோரணையில் பேசுகிறது. அவளும் தலை வாரி, உடை திருத்தி வந்து நிற்கிறாள். பையன் நிமிர்ந்து பார்க்கிறான். இந்த இடத்தில் எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் நீண்டுவிடும். ஆனால் அதைத் தாண்டி உட்கார்ந்திருந்தால் உள்ளே உருப்படியான பகுதி ஒன்று வருகிறது. தோலைக் குறுக்கே வெட்டிக் காட்டும் சித்திரம். வியர்வைச் சுரப்பி எங்கே இருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பி எங்கே இருக்கிறது, செத்த செல்கள் மேலே எப்படிச் சேர்கின்றன, தூசி அதில் எப்படி ஒட்டுகிறது என்று நிதானமாகப் போகிறது. தோல் அழுக்கு என்றால் வெளியிலிருந்து வருவது மட்டுமில்லை, பாதி நம் உடம்பே தயாரிப்பது என்று புரிய வைக்க இதைவிட நல்ல துண்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இதை நான் பெட்ஷீட் பாடத்துக்குப் பயன்படுத்துகிறேன். "கறையே இல்லையே, எதுக்குத் தினமும் மாத்தணும்?" என்பது எல்லா பேட்ச்சிலும் வருகிற கேள்வி. கண்ணுக்குத் தெரியாத எண்ணெயும் செத்த தோலும் தலையணை உறையில் எவ்வளவு ஏறும் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்தச் சித்திரத்தைப் பார்த்த பிறகு கேள்வி வருவதில்லை. ஹோட்டலில் இருந்தபோது மஞ்சள் பாரித்த தலையணை உறைகளை எத்தனை முறை ப்ளீச் செய்தும் வெளுக்காமல் தவித்திருக்கிறோம். துணிக்குள் இறங்கிய தோல் எண்ணெயை முதலில் கரைத்து எடுக்காமல் ப்ளீச்சை ஊற்றினால் அப்படித்தான். கல்லூரிப் பெண்ணைத் திட்டுகிற முதல் பகுதியை வெட்டிவிட்டு சித்திரத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

கோரோனெட்டின் 'ஜோன் அவாய்ட்ஸ் எ கோல்ட்', அதுவும் 1947. சளி பிடிக்காமல் இருப்பது எப்படி என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது. நல்ல பிள்ளை ஜோன் நல்ல பிள்ளையாகவே இருக்கிறாள். தாண்டிப் போய்விடலாம்.

வால்ட் டிஸ்னியின் 'கிளீன்லினஸ் பிரிங்ஸ் ஹெல்த்' 1945-இல் வந்த கார்ட்டூன். இது அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எடுத்ததில்லை. நெல்சன் ராக்பெல்லர் தலைமையில் இருந்த ஓர் அரசு அலுவலகம் லத்தீன் அமெரிக்க நாடுகளோடு உறவை வளர்க்க எடுத்த படங்களில் ஒன்று. கிராமத்தில் இரண்டு குடும்பங்கள், ஒன்று சுத்தமான குடும்பம், இன்னொன்று கவனமில்லாத குடும்பம். கவனமில்லாத வீட்டில் தரையில் சமையல், வீட்டுக்குள் கோழி, பன்றி, வயலில் மலம், அதில் மொய்த்த ஈ சாப்பாட்டில் வந்து உட்காருவது, வயிற்று வலி. சுத்தமான வீட்டில் உயரமான அடுப்பு, கழிப்பறை.

இந்தப் படத்தின் மேல் கோபப்படக் காரணம் இருக்கிறது. அந்தக் குடும்பம் ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அது போடுகிற பதில் 'கவனமில்லாதவர்கள்' என்ற ஒற்றைப் பெயர். கூலி, நிலம், காசு எதுவும் பேச்சில் வராது. வெளிநாட்டிலிருந்து வந்து ஏழை வீட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற பார்வை அது. ஆனாலும் என் அளவுகோலில் இது தப்பிக்கிறது. சுத்தம் என்பது குணம் இல்லை, வேலை என்பதைப் படத்தின் கடைசிப் பகுதி தெரிந்தோ தெரியாமலோ காட்டிவிடுகிறது. குழி வெட்ட வேண்டும், அடுப்பை உயர்த்திக் கட்ட வேண்டும், துவைக்க வேண்டும். ஒரு பொருளை வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. ஈ ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நோயைக் கொண்டுபோகும் வழியை வசனமே இல்லாமல் படத்திலேயே புரிந்துகொள்ளலாம். எங்கள் சீனியர் ஒருவர், படிக்கத் தெரியாதவர், இதைப் பார்த்துவிட்டு "இது ஒண்ணுதான் கண்ணு எனக்குப் புரிஞ்சுது" என்றார். வேறு எந்தப் படத்துக்கும் அவரிடமிருந்து அந்தப் பேர் கிடைக்கவில்லை.

அடுத்ததுதான் இந்தத் தொகுப்பின் உச்சம். 'த ஹவுஸ் இன் த மிடில்', 1954, வண்ணப்படம், பன்னிரண்டு நிமிடம்.

பொருள் இதுதான்: வீட்டைச் சுத்தமாக வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் அணுகுண்டிலிருந்து தப்பிக்கலாம். நான் மிகைப்படுத்தவில்லை. அமெரிக்க மத்திய குடிமக்கள் பாதுகாப்பு நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு 'சுத்தம் செய், பெயின்ட் அடி, பழுது பார்' அமைப்பு வெளியிட்ட படம். நெவாடா பாலைவனத்தில் 1953 மே 8-ஆம் தேதி 'என்கோர்' என்ற பெயரில் நிஜமாகவே ஓர் அணுகுண்டு வெடித்தார்கள். அதற்கு முன்னால் சின்னச் சின்ன மர வீடுகளை வரிசையாகக் கட்டி வைத்தார்கள். ஒன்றில் பெயின்ட் இல்லை, முற்றத்தில் காகிதமும் காய்ந்த குப்பையும். இன்னொன்றில் உளுத்துப்போன மரம், அதற்கும் பெயின்ட் இல்லை. நடுவில் உள்ள வீடு வெள்ளைப் பெயின்ட் அடித்து, வாசல் பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது. குண்டு வெடித்ததும் வருகிற வெப்ப ஒளியில் பக்கத்து வீடுகள் இரண்டும் எரிந்து போகின்றன. நடு வீடு கொஞ்சம் கருகி நிற்கிறது. இன்னொரு சோதனையில் இரண்டு வீடுகளின் உள்ளறைகள். ஒன்றில் செய்தித்தாளும் புத்தகமும் துணியும் இறைந்து கிடக்கின்றன, மற்றொன்று ஒதுங்க வைத்த அறை. இறைந்து கிடந்த வீடு தீப்பிழம்பாகிறது.

முதல் தடவை பார்த்தபோது யாரோ கேலிக்கு எடுத்த படம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் இரண்டாவது தடவை பார்த்தேன். விஷயம் என்னவென்றால், இதில் உள்ள இயற்பியல் சரி! வெள்ளைப் பரப்பு வெப்ப ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுத்த பரப்பு வாங்கிக்கொள்ளும். காகிதம், காய்ந்த இலை, நைந்த துணி போன்ற மெல்லிய பொருள் ஒரு நொடியில் பற்றும், தடித்த கட்டை அவ்வளவு சீக்கிரம் பற்றாது. பற்றிய மெல்லிய பொருள்தான் கட்டையைப் பற்ற வைக்கும். ஒரே மாதிரி வீடுகளை வெவ்வேறு நிலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது முறையான சோதனையும்கூட. இந்தப் பட்டியலில் ஒரு சோதனையை முழுதாகச் செய்து காட்டுகிற படம் இது மட்டும்தான்.

பொய் எங்கே இருக்கிறது? படம் பேசுவது வெப்பத்தைப் பற்றி. வெப்ப ஒளிக்குப் பின்னால் அதிர்வலை வரும். குண்டுக்கு அருகில் இருந்தால் அந்த அலை வெள்ளை வீட்டையும் அழுக்கு வீட்டையும் ஒன்றாகத் தரைமட்டமாக்கும். பெயின்ட் காப்பாற்றுவது ஒரு குறிப்பிட்ட தொலைவில் மட்டும்தான். அந்தத் தொலைவைப் படம் பார்ப்பவர் மனதில் பதிய விடுவதில்லை. ஏன் என்றால் அந்த 'சுத்தம் செய், பெயின்ட் அடி' அமைப்பின் பின்னால் இருந்தது அமெரிக்கப் பெயின்ட், வார்னிஷ் தயாரிப்பாளர்களின் சங்கம். பெயின்ட் விற்க அணுகுண்டைக் காட்டியிருக்கிறார்கள். அதோடு, பெயின்ட் அடிக்காமல் விட்டவனுக்கு அழிவு வந்தால் அது அவன் சோம்பலுக்குக் கிடைத்த கூலி என்கிற தொனி படம் முழுக்க ஓடுகிறது. குண்டு போடுகிறவனை விட்டுவிட்டு வாசல் பெருக்காதவனைக் குற்றவாளியாக்குவது எப்படிப்பட்ட நியாயம் என்று தெரியவில்லை. 2001-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். சரியான காரியம். இப்படி ஒன்று நடந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும்.

வகுப்பில் இதைப் போட்டால் "பெயின்ட் அடிச்சா குண்டுக்குத் தப்பிச்சுக்கலாமுங்களா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளறைச் சோதனையை மட்டும் திரும்பப் போடுவேன். எங்கள் தீயணைப்புப் பாதுகாப்பு அதிகாரிக்கு இந்தத் துண்டு ரொம்பப் பிடிக்கும். ஸ்டோர் ரூமில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்காதீர்கள் என்று அவர் தொண்டை வறளக் கத்தியதைவிட அந்தச் சில நொடிகள் நன்றாக வேலை செய்திருக்கின்றன. அணுகுண்டு எடுத்த பாடம் கடைசியில் அட்டைப்பெட்டிக்குத்தான் பயன்படுகிறது.

பிரெலிங்கர் தொகுப்புக்கு வெளியே இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, 1961-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை மருத்துவமனை ஊழியர்களுக்காக வெளியிட்ட 'ஹேண்ட் வாஷிங் இன் பேஷண்ட் கேர்'. 2002-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கை சுத்தத்துக்கு வெளியிட்ட வழிகாட்டியின் வரலாற்றுப் பகுதியில் இந்தப் படத்தைக் குறிப்பிடுகிறார்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு ஒன்று முதல் இரண்டு நிமிடம் கழுவ வேண்டும் என்பது அதன் பாடம். மருந்துத் திரவத்தில் கையை அலசுவது அவ்வளவு பலன் தராது, குழாய் இல்லாத இடத்தில் மட்டும் செய்யலாம் என்பதும் அதில் உண்டு. நேரத்தை நிமிடக் கணக்கில் சொன்ன படம்! எனக்கு உடனே பிடித்துப்போனது. ஆனால் இங்கேதான் சிக்கல். ஊழியர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் கழுவுகிறார்கள் என்று பல மருத்துவமனைகளில் கவனித்துப் பார்த்தபோது சராசரி அரை நிமிடத்தைத் தொடவில்லை. 1997-இல் வந்த ஒரு கணக்கு இன்னும் சுவாரசியம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு பேர் விதிப்படி ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவினால் ஒரு பகல் ஷிஃப்டில் மொத்தம் 16 மணி நேரம் கை கழுவவே போய்விடும். ஆல்கஹால் தடவினால் 3 மணி நேரம். நோயாளியைப் பார்ப்பது யார்? 2002 வழிகாட்டி பழைய படத்தின் வரிசையைத் தலைகீழாக்கியது. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லை என்றால் ஆல்கஹால்தான் முதலில். ரத்தமோ அழுக்கோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும். சில வகை வயிற்றுப்போக்குக் கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது, அங்கேயும் சோப்புதான்.

1961 படத்தின் விஞ்ஞானத்தில் பெரிய பிழை இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. இரண்டு நிமிடம் கழுவினால் கை சுத்தமாகும். அந்த இரண்டு நிமிடத்தை நர்ஸுக்கு யார் கொடுப்பது என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் ஆட்களுக்கும் அதே கதைதான். ஓர் அறைக்கு ஹைப்போ நிற்கப் பத்து நிமிடம் என்று நானே வகுப்பில் சொல்கிறேன். பிறகு ஒரு பெண்ணுக்கு ஒரு மாடி முழுக்கக் கொடுத்து, டிஸ்சார்ஜ் ஆன அறை ஏன் இன்னும் ரெடியாகவில்லை என்று வாக்கி-டாக்கியில் கேட்பதும் நான்தான்.

இரண்டாவது, 'சர்ஃபேஸ் டென்ஷன் இன் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்'. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாயிட் ட்ரெஃபெத்தன் நடத்திக் காட்டுவது, 1960களில் எடுத்தது, அரை மணி நேரம். எம்.ஐ.டி.யின் ஆஷர் ஷாபிரோ தலைமையில் பொறியியல் மாணவர்களுக்காக எடுத்த வரிசையில் ஒன்று, இலவசமாகவே பார்க்கலாம். இது சுத்தத்தைப் பற்றிய படமே இல்லை. பரப்பு இழுவிசையைப் பற்றியது. ஆனால் சோப்பு ஏன் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதைத்தான் பார்க்க வேண்டும். துளி ஏன் உருண்டு நிற்கிறது, எப்போது பரப்பில் பரவுகிறது, ஒரு பக்கம் இழுவிசை குறைந்தால் திரவம் ஏன் மறு பக்கம் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டுகிறார். யாரும் யாரையும் திட்டுவதில்லை, யாரும் எதையும் விற்பதில்லை. சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவில் இருக்கும். சோப்பு கலந்தால் அதில் பாதிக்கும் கீழே இறங்கும். எண்ணெய்ப் பாத்திரத்தில் முத்து முத்தாக நின்ற தண்ணீர் சோப்புப் பட்டதும் படர்ந்து இறங்குவது அதனால்தான். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் கனம், வீட்டில் பிளஸ் டூ படிக்கிறவர்கள் இருந்தால் காட்டலாம்.

இனி இந்தப் படங்களில் நான் தேடியும் கிடைக்காத இரண்டு விஷயம்.

தண்ணீர். இவற்றில் தண்ணீர் குழாயைத் திறந்தால் வரும், அது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேள்வியே இல்லை. கோயம்புத்தூரில் வளர்ந்த யாருக்கும் தெரியும், சிறுவாணித் தண்ணீரில் துளி சோப்புக்கு நுரை பொங்கும், போர்வெல் உப்புத் தண்ணியில் அரைக்கட்டி தேய்த்தாலும் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து பக்கெட்டில் ஒட்டும். உப்புத் தண்ணியில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுவதுதான் காரணம். சோப்பியின் காலத்தில் அமெரிக்காவிலும் இதே பிரச்சினை இருந்தது. 1946-இல் டைட் சலவைத்தூள் வந்ததே இதைச் சமாளிக்கத்தான். அதில் இருந்த பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1953 வாக்கில் அங்கே செயற்கைச் சலவைப் பொருள்களின் விற்பனை சோப்பை முந்திவிட்டது. பில்லிக்குக் கனவில் சோப்புக்கட்டி வந்துகொண்டிருந்தபோதே அவன் அம்மா கடையில் தூள் வாங்க ஆரம்பித்திருப்பாள்.

சாக்கடை. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? அந்தக் காலத்துச் சலவைத்தூளில் இருந்த மூலக்கூறுகளுக்குக் கிளைவிட்ட வால். பாக்டீரியாவால் அதைச் சீக்கிரம் தின்று தீர்க்க முடியவில்லை. ஆறுகளில் நுரை மலை மலையாக மிதந்தது. 1965-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நேரான வால் உள்ள மூலக்கூறுக்கு மாறிய பிறகுதான் அது அடங்கியது. பாஸ்பேட் ஏரிகளில் சேர்ந்து பாசியை வளர்த்து, ஈரி ஏரி நாறிப்போன கதை அதற்குப் பின்னாலும் தொடர்ந்தது. நொய்யல் ஓரத்தில் இருக்கிற நமக்கு நுரை புதிதில்லை. சுத்தத்தின் விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்ட படங்கள் கதவைச் சாத்திக்கொண்டு குளியலறைக்குள்ளேயே நின்றுவிட்டன.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியாகிக் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்ட படங்களும், அரசே எடுத்த படங்களும் பொதுச்சொத்து. இறக்கிக்கொள்ளலாம், வெட்டலாம், வகுப்பில் போடலாம். ஆனாலும் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் போட்டிருக்கும் உரிமைக் குறிப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. சில வண்ணப் பிரதிகள் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும். உங்கள் டிவியில் கோளாறில்லை, ஈஸ்ட்மன்கலர் சுருளில் மற்ற சாயங்கள் வெளுத்து சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கோடாக்ரோம் பிரதி கிடைத்தால் நிறம் அப்படியே இருக்கும். அறுந்த சுருளை ஒட்டிய இடங்களில் வசனம் குதிக்கும். தேடும்போது 'சோப்பு' என்று மட்டும் தேடாமல் சுகாதாரம், தோல், வீட்டு நிர்வாகம், சலவை என்று சொல்லை மாற்றி மாற்றி ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள்.

நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தமிழில் நானே பேசிக்கொண்டு போடுகிறேன். அந்தப் பின்னணிக் குரல் இல்லாவிட்டால் இந்தப் படங்களில் பாதி நல்ல படங்களாகிவிடுகின்றன. வகுப்பில் போடும் வரிசை: முதலில் தோல் சித்திரம், அப்புறம் டிஸ்னியின் ஈ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வருகிற நேரத்தில் அணுகுண்டு. சோப்பியைக் கடைசியில், நாலு மணி டீ வருகிற வரைக்கும்.